கட்டைக்குத்துத் தளம் பழுதானால்: தேக்கா, இரும்பா, கான்கிரீட்டா?

சென்னையில் நூறாண்டைத் தாண்டிய கட்டடங்களின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். கட்டைக்குத்து என்றும் அதைச் சொல்வார்கள். சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் மூலைவாட்டில் குத்துக்கல்லாக நிறுத்திய மெல்லிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தளம், கடைசியில் தட்டோடு. இது ஒழுகத் தொடங்கியதும் மூன்று யோசனைகள் வரும்: சட்டத்தை மட்டும் சீர்செய்வது, மரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் வைப்பது, மொத்தத்தையும் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவது.

முடிவெடுக்கும் முன் ஒரு திருப்புளியோடு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் நடுவில் அதன் முனை இறங்காது. சுவருக்குள் நுழையும் இடத்தில் பல நேரங்களில் பிடிவரை இறங்கிவிடும். சுவரின் ஈரம் தேங்குவது அந்தத் தலைப்பில்தான் என்பதால், கூரை முழுவதும் போய்விட்டதாகச் சொல்லப்படும் வீடுகளில் உண்மையில் கெட்டிருப்பது கடைசி ஓரிரண்டு அடி மரமாகவே இருக்கக்கூடும்.

கான்கிரீட்டின் பலம் மறுக்க முடியாதது. 2002 இல் சென்னை நில அதிர்வின் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடிக்கும் தகடு போன்ற தளம் அதிர்வின்போது உதவும், கட்டைக்குத்தில் அந்தப் பிடிப்பு குறைவு. ஆனால் பழைய சட்டங்கள் எதிரெதிரான இரண்டு சுவர்களில் மட்டுமே பாரத்தை இறக்கின. கான்கிரீட் தளமோ பெரும்பாலும் நான்கிலும் இறக்கும். 12 செ.மீ. தளம் மட்டுமே சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை, தட்டோடு தனி. இதுவரை கூரைப் பாரத்தையே அறியாத சுவரின் அடித்தளம் அதைத் தாங்குமா என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அந்தத் தளம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் தலையை இழுத்து, தளத்துக்குக் கீழே கிடைமட்டமாக ஒரு விரிசலையும் உண்டாக்கும். பிடிக்கவில்லை என்றால் பழையபடி திரும்பவும் வழியில்லை.

இரும்பு கர்டர் நடுவழி. செங்கலும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும், கரையான் பயமில்லை. ஆனால் கடற்காற்றில் துரு ஏறினால் இரும்பு உப்பி, மேலே உள்ள செங்கல்லை நெம்பித் தள்ளும். நல்ல வண்ணப்பூச்சும், அதைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பிக்கும் பொறுமையும் இருப்பவர்களுக்கே இதைச் சொல்வேன்.

என் தேர்வு முதல் வழி: அழுகிய தலைப்பை வெட்டி, புதுத் தேக்கை இருபுறமும் இரும்புப் பட்டை கொடுத்துப் போல்ட்டால் இணைத்து, சுவருக்குள் முனையைச் சுற்றிச் சற்றே காற்றோட்டம் விடுவது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரித் தீயில் சிதைந்தபோதும், பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் கலவை கொண்டே மீட்டது. இதில் செலவைவிடக் காலம்தான் கடினம். ஒழுகிய இடத்தில் சுண்ணாம்பு ஜல்லியைப் புதிதாகப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, மரக்கட்டை தளத்தில் பட்டுத் துள்ளி எழும்வரை நாள்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்படுத்தும் ஒப்பந்ததாரர் அந்த ஜல்லியில் சிமென்ட்டைக் கலக்காமல் பார்த்துக்கொள்ள, மேலே ஓர் ஆள் நின்றாக வேண்டும்.