மூளைக் கட்டிக்கு மரபணுச் சோதனை: சுங்கை சிப்புட் லேப் கவுண்டரில் எந்த பேக்கேஜ் எடுக்கலாம்?

சுங்கை சிப்புட் டவுனில் கிளினிக் வரிசையில் இருக்கும் இந்த லேப் கவுண்டர் ரத்தம், சிறுநீரோடு நின்றுவிடவில்லை. பெரியவர்களுக்கு வரும் மூளைக் கட்டியின் மரபணுச் சோதனைக்கும் மாதிரி வாங்கி, கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்திலிருந்து தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் இங்கே விற்கும் இரண்டு பேக்கேஜில் சின்னதற்குக் கொடுக்கும் காசு வீண்.

சின்னதில் இருப்பவை இரண்டே: ஐடிஎச்1 மரபணுவின் ஆர்132எச் என்ற ஒரே பிறழ்வை (மரபணு மாற்றத்தை) காட்டும் ஆன்டிபாடி சாயமும், எம்ஜிஎம்டி மரபணு மெத்திலேஷனால் (டிஎன்ஏவில் ஒட்டும் வேதிக் குறியால்) அடங்கியிருக்கிறதா என்ற சோதனையும். க்ளையோமாக்களில் (மூளையின் துணைச் செல்களிலிருந்து எழும் கட்டிகளில்) காணும் ஐடிஎச் பிறழ்வுகளில் சுமார் 90 சதவீதம் ஆர்132எச் தான். மீதியை இந்தச் சாயம் காட்டாது. அதனால் 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 'நெகட்டிவ்' வந்தால் கதை முடியவில்லை, ஐடிஎச்1, ஐடிஎச்2 இரண்டையும் சீக்வென்சிங்கில் (மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையில்) பார்த்தாக வேண்டும். 'பாசிட்டிவ்' வந்தாலும் பாதிக் கிணறுதான். 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (1பி), 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கை (19கியூ) இரண்டும் முழுதாகப் போயிருந்தால் அது ஒலிகோடென்ட்ரோக்ளையோமா என்ற வகை, போகாவிட்டால் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை. அந்த ஆஸ்ட்ரோசைட்டோமாவில் செல் பெருகுவதை அடக்கும் சிடிகேஎன்2ஏ/பி மரபணுக்களின் இரு பிரதியும் இழந்திருந்தால், மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் நிலை 4, அதாவது மிகத் தீவிரமானது. ஐடிஎச் பிறழ்வே இல்லாத, சுற்றிப் பரவும் க்ளையோமாவில் டெர்ட் மரபணுவின் புரமோட்டரில் (அதை இயக்கும் சுவிட்சுப் பகுதியில்) மாற்றம், இஜிஎஃப்ஆர் மரபணுவின் பெருக்கம், 7ஆம் குரோமோசோம் கூடி 10 குறைதல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே 2021 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அது க்ளையோபிளாஸ்டோமா, மிகத் தீவிரமான வகை. இதில் எதையும் சின்ன பேக்கேஜ் தொடுவதில்லை. பெரியது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கிறது. "சின்னதே போதும் அண்ணே" என்று கவுண்டரில் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

காசை மிச்சம்பிடிக்க 1பி/19கியூ மட்டும் ஃபிஷ் முறையில் (குரோமோசோமில் புரோப் எனும் ஒளிரும் குறியை ஒட்டிப் பார்ப்பது) தனியாகச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஃபிஷ் புரோப் ஒட்டுவது ஒரு சின்ன இடத்தில். கையின் ஒரு துண்டு மட்டும் போயிருந்தாலும் 'இழப்பு' என்றே காட்டும். க்ளையோபிளாஸ்டோமா இப்படி ஒலிகோ வேஷம் போடுவது உண்டு. கை முழுவதையும் அளக்கும் முறையே நம்பகமானது.

மாதிரி விஷயத்தில் கவுண்டர் ஆட்கள் கெட்டி. பாராஃபின் பிளாக்கில் (கட்டியின் திசுவைப் பதித்த மெழுகுத் துண்டில்) எழுதிய எண்ணையும் நோயியல் அறிக்கையின் எண்ணையும் ஒத்துப்பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எந்த பிளாக் என்று மட்டும் கேட்பதில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். செத்த திசுவோ கட்டியின் ஓரமோ நிறைந்த பிளாக் போனால், நல்ல செல்களின் டிஎன்ஏ பிறழ்வை மூடிவிடும். உயிருள்ள கட்டி செல்கள் அதிகமுள்ள இடத்தை நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்டு வாங்குங்கள். திசு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறியிருப்பது நல்லது. அதற்கு மேல் நாள்கணக்கில் ஊறினால் டிஎன்ஏ துண்டு துண்டாகி, 'போதிய தரம் இல்லை' என்று திரும்பி வரும். ஐஸ் வேண்டாம். ஆனால் நண்பகல் வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

குறை ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சிக்னல் பாதைப் படம் அருமை: செல்லின் மேலிருக்கும் இஜிஎஃப்ஆர் புரதம் தூண்ட, பிஐ3கே வழியாக ஏகேடி, எம்டார் என்ற உள் புரதங்கள் வரை வளரச் சொல்லும் கட்டளை போவதும், பிடென் என்ற பிரேக் அறுந்தால் அது நிற்காமல் ஓடுவதும் தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழேயே இஜிஎஃப்ஆரை அடைக்கும் எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் என்று மருந்துப் பட்டியல். நுரையீரல் புற்றுநோய்க்கான பட்டியலை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அங்கே இஜிஎஃப்ஆர் பிறழ்வு செல்லுக்குள் இருக்கும் கைனேஸ் (கட்டளையைக் கடத்தும்) பகுதியில். க்ளையோபிளாஸ்டோமாவிலோ பெரும்பாலும் வெளிப்பகுதியில். இஜிஎஃப்ஆர்விIII என்ற பிறழ்வு வகையில் மரபணுவின் எக்ஸான் எனும் துண்டுகளில் 2 முதல் 7 வரை காணவே காணோம். பிடெனும் போயிருந்தால் மேலே அடைத்தும் பயனில்லை, கீழே ஏகேடி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மருந்தை மூளைக்குள் எளிதில் விடாத ரத்த-மூளைத் தடுப்பு வேறு. இந்த மாத்திரைகள் க்ளையோபிளாஸ்டோமா சோதனைகளில் தேறவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு மருந்து தேடி அலையும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அதே பக்கத்தில் இருக்க வேண்டிய வோராசிடெனிப், ஐடிஎச் பிறழ்வுள்ள நிலை 2 கட்டிகளுக்கு 2024இல் அமெரிக்க அனுமதி பெற்றது, இடம்பெறவில்லை.

எம்ஜிஎம்டி வரியில் 'மெத்திலேட்டட்' என்று மட்டும் போடுகிறார்கள். எம்ஜிஎம்டி என்சைம், டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து கட்டியின் டிஎன்ஏவில் செய்த சேதத்தைப் பழுதுபார்ப்பது. புரமோட்டர் மெத்திலேஷனால் அடங்கினால் மருந்து நன்றாக வேலை செய்யும். ஆனால் எத்தனை சதவீதம், எந்த முறை, எல்லைக்கோடு எங்கே என்பது தெரியாமல் எல்லையோர முடிவை எடைபோட முடியாது. கேட்டால் எழுதித் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். மிச்சமான பிளாக்கையும் கையோடு திருப்பிக் கேளுங்கள். கட்டி மீண்டும் வந்தால் பழையதோடு ஒப்பிட அது வேண்டும்.