தாய்ப்பாலா, எடுத்து வைத்த பாலா, டின் பாலா: லெப்டினை வைத்து ஒரு கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு மூன்று வழிகள் உண்டு. வீட்டிலேயே இருந்து நேரடியாகத் தாய்ப்பால் கொடுப்பது, பம்ப்பில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவது, டின்னில் வரும் பால்மாவுக்கு, அதாவது டின் பாலுக்கு மாறுவது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது. விடுப்பில் இருந்தவரை நேரடியாகக் கொடுத்தேன். கையுறை ஃபேக்டரிக்குத் திரும்பிய பிறகு பகலில் எடுத்து வைத்த பால், ராத்திரியில் நேரடிப் பால். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டின் பாலுக்கு மாதா மாதம் காசு போகும். தாய்ப்பாலில் அம்மாவின் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன, முதல் சில நாள் சுரக்கும் சீம்பாலில் அவை மிக அதிகம். டின் பாலைப் பாட்டியோ அப்பாவோ யார் வேண்டுமானாலும் கலக்கிக் கொடுக்கலாம், அம்மா கொஞ்சம் தூங்கலாம். இதெல்லாம் கிளினிக் மிஸி (நர்ஸ்) சொல்லித் தருவதுதான்.

என் முடிவை நிர்ணயித்தது லெப்டின். அதைப் பற்றி மிஸியும் பேசவில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேள்விப்பட்டதில்லை.

லெப்டின் நம் உடலின் கொழுப்புத் திசுவில் சுரக்கும் ஹார்மோன். 1994-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது. தோட்டத்துக் கிராணி அரிசி இருப்பைக் கணக்கெழுதி ஆபீசுக்கு அனுப்புவதுபோல, உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிப்பது இதன் வேலை. முதலில் இதைப் பசி, எடை சம்பந்தப்பட்ட ஹார்மோனாக மட்டுமே பார்த்தார்கள். ஆனால் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலும் லெப்டினை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. பட்டினி போட்ட எலிகளின் எதிர்ப்புச் சக்தி சரிந்தபோது லெப்டின் கொடுத்ததும் மீண்டு வந்ததை 1998-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள்.

மனிதர்களிடமும் சான்று இருக்கிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத பிள்ளைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். 1997-இல் கேம்பிரிட்ஜில் அப்படி இரு குழந்தைகளைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். இவர்களுக்கு அடங்காத பசி, அளவுக்கு மீறிய எடை, கூடவே நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களிலும் குறைபாடு. லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி குறைந்தது, டி அணுக்களும் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தன.

பிறந்த குழந்தைக்கு இது ஏன் முக்கியம்? வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் சொந்தக் கொழுப்பிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் லெப்டின் வருகிறது. கொழுப்பு சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் என்பதால், தொப்புள்கொடி ரத்தத்தில் லெப்டின் ஏறுவதும் அப்போதுதான். பிறந்த சில நாளில் அந்த அளவு சடாரென்று இறங்கிவிடும். அதே நேரத்தில்தான் குழந்தை வெளியுலகக் கிருமிகளை முதன்முறையாகச் சந்திக்கிறது. பச்சிளம் குழந்தையின் டி அணுக்கள் வைரஸையும் பாக்டீரியாவையும் முழு வேகத்தில் எதிர்க்கும் பக்கம் இன்னும் திரும்பியிருக்காது. லெப்டின் டி அணுக்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. டி அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்காமல் காக்கிறது என்பதும் எலிகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

தாய்ப்பாலில் லெப்டின் இருக்கிறது. கொஞ்சம் அம்மாவின் ரத்தத்திலிருந்து வருகிறது, கொஞ்சம் மார்பிலேயே உருவாகிறது. டின் பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். புரதம், இரும்பு, வைட்டமின் எல்லாவற்றையும் அளந்து கலக்கும் கம்பெனிகள் இதைக் கலப்பதில்லை. எனக்கு நேரடிப் பாலுக்கும் எடுத்து வைத்த பாலுக்கும் இருந்த இடைவெளி சின்னதாகவும், இரண்டுக்கும் டின்னுக்கும் இருந்த இடைவெளி பெரியதாகவும் தெரிந்தது இங்கேதான்.

ஆனால் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். பாலில் உள்ள லெப்டின் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதை எலிக் குட்டிகளில்தான் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் லெப்டின் கூடுதல் என்று இத்தாலிய ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் அதோடு ஒத்துப்போகவில்லை. டென்மார்க்கில் நான்கு மாதக் குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது தாய்ப்பால் பிள்ளைகளின் தைமஸ் கணிசமாகப் பெரிதாக இருந்தது. அதற்கு லெப்டின் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, தாய்ப்பாலில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. லெப்டின் கூடக் கூட நல்லது என்றும் எண்ண வேண்டாம். உடற்கொழுப்பு அதிகமுள்ள தாயின் பாலில் அது அதிகமாக இருக்கும், அதனால் அந்தக் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் எடையைப் பற்றித்தான். மாமியார் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கையெல்லாம் குச்சி மாதிரி இருக்கே, பால் பத்தலபோல, டின் வாங்கிட்டு வரச் சொல்லட்டா?" என்றார். "அத்தை, கிளினிக் புக்குல கோடு ஒழுங்கா ஏறுது பாருங்க" என்று புக்கைக் காட்டினேன். அவர் சம்மதிக்கவில்லை. புனேயில் டாக்டர் யாக்னிக்கின் குழு செய்த ஆய்வு அப்போது கைகொடுத்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை குறைந்தாலும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. நம் பிள்ளைகள் ஒல்லியாகத் தெரிவதை வைத்து உள்ளே கொழுப்பே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மாதா மாதம் எடை ஏறுகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

இனி நடைமுறை. முழுநேரமும் வீட்டிலிருப்பது எல்லோருக்கும் முடியாது. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, அதற்குப் பிறகு சம்பளம் வேண்டும். அந்தக் காலத்தில் பால்மரம் சீவப் போன பெண்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பினார்கள், பம்ப்பும் இல்லை, ஐஸ்பெட்டியும் (ஃபிரிட்ஜ்) இல்லை. இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் உயிரைக் குடிக்கிறது என்று குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூரில் முழங்கியது அந்தக் காலத்தில்தான். நமக்கு வசதி வந்திருக்கிறது, பயன்படுத்தலாம்.

எடுத்து வைப்பதில் பால் கெடாமல் காப்பதுதான் வேலை. 25 டிகிரி அறை வெப்பத்திலேயே எடுத்த பால் நான்கு மணி நேரம்தான் தாங்கும். நம் ஊர் மதியம் அதைவிடச் சூடு, அதனால் எடுத்த உடனே ஐஸ் கட்டி வைத்த பைக்குள் போய்விட வேண்டும். ஐஸ்பெட்டியில் நான்கு நாள், உறைய வைத்தால் ஆறு மாதம்வரை. என் ஃபேக்டரியில் பால் எடுக்கத் தனி இடம் கிடையாது, சாமான் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். கை கழுவத் தண்ணீருக்கு வெளியே நடக்க வேண்டும். இதற்கு ஒரு சுத்தமான அறை கேட்பது நம் உரிமை என்றே நினைக்கிறேன். உறைந்த பாலை இளக்கிய பிறகு மறுபடி உறைய வைக்கக் கூடாது, கொடுக்கும் முன் போத்தலை மெதுவாகச் சுழற்றினால் மேலே ஒதுங்கிய கொழுப்பு கலந்துவிடும்.

டின் பாலைத் தவிர்க்கவே முடியாத நிலைமைகளும் உண்டு. அம்மாவின் மருந்து, நோய், பால் உண்மையிலேயே போதாமை. எனக்கு அந்த நிலை வரவில்லை, குறைமாதப் பிள்ளையோ இரட்டைப் பிள்ளையோ வளர்த்ததும் இல்லை. அவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்பதே சரி. குறைமாதக் குழந்தை கொழுப்பு சேரும் முன்பே பிறந்துவிடுவதால் அதற்கு லெப்டினும் குறைவு, அங்கே ஒவ்வொரு சொட்டுத் தாய்ப்பாலும் டாக்டரிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். டின் கொடுப்பவர்கள் ஒன்றை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: பால்மாவு கிருமியில்லாத பொருள் அல்ல. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன்பே கலக்கி, பிறகு குளிரவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைக் கொட்டிவிடுங்கள்.