ஸ்டீயரிங்கோடு திரும்பும் ஹெட்லைட்டா, பம்பரில் நிற்கும் கார்னரிங் விளக்கா?

ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும் ஹெட்லைட் உள்ள ஒரு செடான் காரை ஆறு ஆண்டுகள் ஓட்டினேன். சென்ற ஆண்டு அதை விற்றுவிட்டு, அசையாத ஹெட்லைட்டும், திருப்பத்தில் பக்கவாட்டைக் காட்டும் கார்னரிங் விளக்கு பம்பரிலும் கொண்ட ஒரு நடுத்தர எஸ்.யு.வி.யை வாங்கினேன். வசதியில் ஒரு படி கீழே இறங்கிவிட்டதாக நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்குச் சேலத்தில் வீடு. மனைவியின் பிறந்த வீடு ஏற்காட்டில். மாதத்தில் மூன்று நான்கு இரவுகளாவது அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், இந்த முடிவை எடுக்குமுன் பல மாதங்கள் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரும்பும் விளக்கு என்பது புதிய எண்ணம் அன்று. 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த டக்கர் காரின் மூக்கில் நடுவாக மூன்றாவது விளக்கு ஒன்று இருந்தது. அது ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பியது. 1967இல் சிட்ரோயன் தன் டி.எஸ். காரில் உள்பக்கத்து இரு விளக்குகளைக் கம்பி இணைப்பு மூலம் திரும்ப வைத்தது. அமெரிக்கச் சட்டம் அதை ஏற்காததால், அங்கு விற்ற டி.எஸ். கார்களில் அசையாத விளக்குகளே இருந்தன. 2003ஆம் ஆண்டையொட்டி, கணினியும் சிறு மோட்டாரும் துணை நிற்க, ஐரோப்பிய, ஜப்பானிய உயர்விலைக் கார்களில் இந்த வசதி மீண்டும் வந்தது.

இன்றைய அமைப்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போகும் பராமரிப்புக் கதை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சாரும், வண்டியின் வேகத்தைச் சக்கரங்களில் உள்ள சென்சார்களும், வண்டி எவ்வளவு விரைவாகத் திசை மாறுகிறது என்பதை மற்றொரு சென்சாரும் தெரிவிக்கின்றன. இவை பெரும்பாலும் வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. அமைப்புக்காக ஏற்கெனவே காரில் இருப்பவை. ஹெட்லைட்டுக்கான கணினி இந்தத் தகவல்களை வைத்துக் கோணத்தைக் கணக்கிட, விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் சின்ன மோட்டார், ஒளியைக் குவித்து வீசும் புரொஜெக்டரைத் திருப்புகிறது. பொதுவாக வளைவின் உட்புற விளக்கு 15 டிகிரி வரை திரும்பும். வெளிப்புற விளக்கு அதில் பாதியளவே திரும்பும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் எதிரே நேராக உள்ள இடம் இருண்டுவிடும் அல்லவா, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதோடு, பின் அச்சில் பொருத்திய மட்ட சென்சார் ஒன்று, டிக்கியில் பாரம் ஏறி வண்டியின் மூக்கு உயர்ந்தால் ஒளியைத் தானாகவே தாழ்த்தும். 2000 லூமனுக்கு மேல் ஒளி தரும் ஸெனான் விளக்குகளுக்கு இந்தத் தானியங்கி மட்டச் சரிசெய்தல் ஐரோப்பிய விதிகளின்படி கட்டாயம்.

என் பழைய கார் தினமும் காலையில் இதைக் கண்முன் செய்து காட்டும். ஷெட்டின் பின்சுவருக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருப்பேன். சாவியைத் திருப்பியதும் சுவரில் விழும் வெள்ளை ஒளிக்கோடு முதலில் தரையை நோக்கி இறங்கும், மெல்ல ஏறும், பிறகு இடமும் வலமும் பார்த்துவிட்டு நடுவில் வந்து நிற்கும். ஆறு ஆண்டுகளும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

கார்னரிங் விளக்கைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. ஃபாக் லேம்ப் இருக்கும் இடத்தில் பக்கவாட்டை நோக்கிய ஒரு பல்பு. பல கார்களில் மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே, ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பினாலோ இண்டிகேட்டர் போட்டாலோ அந்தப் பக்கத்து விளக்கு எரியும். அங்கே எதுவும் நகர்வதில்லை.

இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று விற்பனைக் கையேடுகளைப் படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு வேறு வளைவுகளுக்கானவை. 150 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் நாம் போகும்போது, 40 மீட்டர் தள்ளி இருக்கும் சாலை நம் நேர்கோட்டிலிருந்து ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் விலகியிருக்கும். கோணமாகச் சொன்னால் ஏழரை டிகிரி. திரும்பும் ஹெட்லைட்டின் 15 டிகிரிக்குள் இது அடங்கிவிடுகிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு சாலை அமைப்பு நெறிகளை வெளியிடும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள குறைந்தபட்ச உள் ஆரம் 14 மீட்டர்தான். அப்படிப்பட்ட வளைவில் வெறும் 14 மீட்டர் தள்ளி இருக்கும் சாலையே ஏறத்தாழ 29 டிகிரி ஒதுங்கி நிற்கும். ஹெட்லைட் தன்னால் இயன்ற அளவு திரும்பிய பிறகும் அதன் ஒளி தடுப்புச் சுவரிலும் அதற்கப்பால் உள்ள மரக்கிளைகளிலும்தான் விழும். சாலையோரம் நடந்து வருபவரையோ, வளைவின் மூக்கில் படுத்திருக்கும் மாட்டையோ காட்டுவது பக்கவாட்டு விளக்கின் அகன்ற வெளிச்சமே.

இன்னொரு வேறுபாட்டை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திரும்பும் ஹெட்லைட் நம் கை இப்போது செய்வதைப் பின்பற்றுகிறது. சாலை இனி எங்கே போகும் என்பதை அது அறியாது. கையைத் திருப்பும்வரை ஒளியும் நேராகவே நிற்கும். கார்னரிங் விளக்கையோ, இண்டிகேட்டர் போட்டு, வளைவுக்குள் நுழையுமுன்பே எரிய வைக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: வலப்பக்க இண்டிகேட்டரை, முந்திச் செல்லச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சாலைகளில் இருப்பதால், பின்னால் வண்டி ஏதும் இல்லாதபோது மட்டுமே நான் இதைச் செய்கிறேன்.

இவ்வளவும் வெளிச்சத்தைப் பற்றியது. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, டேஷ்போர்டில் ஹெட்லைட் எச்சரிக்கை மின்னியது. அடுத்த கணம் வெளிச்சம் முழுவதும் தலை கவிழ்ந்து, பானெட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் குட்டையாகத் தேங்கி நின்றது. ஹை பீம் போட்டுப் பார்த்தேன். என் காரில் இருந்த ஸெனான் விளக்கில் லோ பீமும் ஹை பீமும் ஒரே புரொஜெக்டரிலிருந்து வருவதால் அதுவும் சேர்ந்தே தாழ்ந்திருந்தது. மனைவியும் மாமியாரும் பின்சீட்டில் இருக்க, முதல் கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தேன். மறுநாள் ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தபோது, பின் அச்சு மட்ட சென்சாரின் இணைப்புத் தண்டு உடைந்து தொங்கியது. சுண்டு விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. மட்டம் தெரியாதபோது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்பதற்காக, விளக்கை ஒரேயடியாகத் தாழ்த்திவிடுமாறு அந்த அமைப்பை வடிவமைத்திருக்கிறார்கள். எதிரே வருபவருக்கு அது நியாயம்தான். உள்ளே இருப்பவருக்கு அந்த இரவு மிக நீண்டது. புதிய சென்சாரைப் பொருத்தினால் மட்டும் போதவில்லை. ஸ்கேனரை இணைத்து, சமதளத்தில் நிறுத்தி, கணினிக்குப் புதிய மட்டத்தைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. எங்கள் பகுதி எலக்ட்ரீஷியனால் முடியாத வேலை அது.

ஐந்தாம் ஆண்டு வலப்பக்க விளக்குக்குள் ஈரம் புகுந்து, திருப்பும் மோட்டார் சிக்கிக்கொண்டது. காலைச் சடங்கில் ஒரு கோடு மட்டும் அசைய, மற்றது சற்றே இடம் ஒதுங்கி நின்றது. மோட்டாரைத் தனியாகத் தரமாட்டோம், விளக்குக் கூடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள், ரூ. 72,000, கூலி தனி. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடியபோது முதலில் கிடைத்தது, சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு. அதன் ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் உயர்ந்திருக்கும் என்பதால் நம் சாலையில் எதிர்வருபவரின் முகத்தில் நேராக அடிக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடைசியில் சரியான ஒன்று ரூ. 28,000க்குக் கிடைத்தது. காரை விற்றபோது, அந்த விளக்கின் பொருட்டு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர எவரும் முன்வரவில்லை. இருவர் அதைக் காரணம் காட்டியே விலையைக் குறைத்தார்கள்.

பணம்கூட இரண்டாவதுதான். திரும்பும் ஹெட்லைட்டில், கூடுதல் வசதியும் அடிப்படை வெளிச்சமும் ஒரே கூட்டுக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. மோட்டாரோ சென்சாரோ கெட்டால், அது இல்லாத காரில் எந்தக் குறையும் இல்லாமல் எரிந்திருக்கக்கூடிய லோ பீமையும் இழக்கிறோம். கார்னரிங் விளக்கு அணைந்துபோனால் அந்த ஓரத்து வெளிச்சம் மட்டும்தான் போகும். ஹெட்லைட் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். மலைப்பாதையில் நடுவழியில் நிற்கும்போது இந்த வேறுபாட்டின் எடை தெரியும்.

புதிய காரில் எட்டாம் மாதம் இடப்பக்கக் கார்னரிங் பல்பு போனது. அன்றிரவும் ஏற்காடு போய்த் திரும்பினேன். மறுநாள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு எலக்ட்ரீஷியன், முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பச் சொல்லி, சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையின் மூன்று ஸ்குருக்களைக் கழற்றி, கையை உள்ளே விட்டுப் பல்பை மாற்றினார். பல்பு ரூ. 450, இருபது நிமிடம். எனக்கு இந்தக் காரில் ஓராண்டு அனுபவம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு பம்பரில் தாழ்வாக இருப்பதால் கல் பட்டு உடைய வாய்ப்பு உண்டு. மேலும், இதே வசதியை எல்.இ.டி.யாக ஹெட்லைட் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தரும் கார்களில் நான் சொன்ன அனுகூலம் பெரும்பாலும் போய்விடுகிறது. வாங்குமுன், பல்பைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தொப்பூர்க் கணவாயில் பழைய காரை நினைத்து இன்றும் ஏங்குகிறேன். தருமபுரியிலிருந்து சேலம் வரும் அந்த நான்குவழிச் சாலையின் இறக்கத்தில் வளைவுகள் அகன்றவை. வேகம் 40க்கு மேல் இருப்பதால் என் கார்னரிங் விளக்கு அங்கே எரிவதே இல்லை. திரும்பும் ஹெட்லைட் அந்த வளைவுகளில் சாலையின் ஓரக்கோட்டை விடாமல் தொட்டுக்கொண்டே வரும். முன்னால் விளக்கில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரி ஒரு நொடி முன்னதாகத் தெரிவது அங்கே பெரிய விஷயம். அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 2012இல் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, திரும்பும் விளக்குள்ள கார்களால் பிறர் உடைமைக்கு நேர்ந்த சேதக் கோரிக்கைகள் 10 சதவீதம் வரை குறைந்திருந்தன. இரவுப் பயணம் பெரும்பாலும் இத்தகைய நெடுஞ்சாலைகளில்தான் என்பவருக்கும், காரை உத்தரவாதக் காலம் முடியுமுன்னே மாற்றிவிடுபவருக்கும் என் முடிவு பொருந்தாது.

மூன்றாவது வழியாக மேட்ரிக்ஸ் எல்.இ.டி. இருக்கிறது. 2013இல் ஆடி ஏ8 காரில், ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் ஹை பீமுக்கென 25 எல்.இ.டி.களோடு அது வந்தது. காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிர்வரும் வண்டியைக் கண்டு, அந்தப் பகுதியில் விழும் ஒளியை மட்டும் மங்கச் செய்கிறது. வளைவில், எதுவும் நகராமலே, ஒளியின் செறிவு ஒரு எல்.இ.டி.யிலிருந்து அடுத்ததற்கு மாறுகிறது. தேய்வதற்கு மோட்டார் இல்லாதது நல்ல செய்தி. கெட்டால் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருப்பது பழைய செய்திதான். உறவினர் ஒருவரின் காரில் இரண்டு இரவுகள் மட்டுமே இதை ஓட்டியிருக்கிறேன். எதிர்வண்டியைச் சுற்றி இருள் ஒரு சட்டம் போல நகர்ந்துகொண்டே போனது மனதை விட்டு அகலவில்லை என்றாலும், அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

இதையெல்லாம் படித்த பிறகும் திரும்பும் ஹெட்லைட் உள்ள பழைய காரை வாங்க விரும்புபவர், இருட்டிய பின் போய்ப் பாருங்கள். காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, ஹெட்லைட்டோடு ஸ்டார்ட் செய்து, இரண்டு ஒளிக்கோடுகளும் சேர்ந்து இறங்கி ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு காலியான ஒரு சாலையில் ஓட்டிப் பார்த்து, வளைவில் இரு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். பல கார்களில் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் விளக்கு அசையாது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். விளக்குக் கண்ணாடியின் உள்பக்க மூலைகளில் நீர்த்துளி தெரிந்தால் விலையைப் பேசத் தொடங்குமுன் அந்த விளக்குக் கூட்டின் விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு அருகே குனிந்து, அந்தச் சுண்டு விரல் தண்டு முழுசாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.