ஒன்வீல் பின்ட் எக்ஸ்: ஓட்டவும் கழற்றவும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்

நடுவில் ஒரே ஒரு சக்கரம், அதற்கு முன்னும் பின்னும் கால் வைக்க இடம். ஃபியூச்சர் மோஷன் நிறுவனம் 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் கொண்டுவந்த, மின்சாரத்தில் ஓடும் நின்றோட்டும் பலகையான ஒன்வீலின் வடிவம் இன்றும் இதுதான். 2021-இன் பிற்பகுதியில் அறிமுகமான பின்ட் எக்ஸ் அந்தக் குடும்பத்தில் நடுத்தரம். எடை 12 கிலோவுக்குச் சற்று மேல், 750 வாட் மோட்டார், 324 வாட்-மணி பேட்டரி, உச்ச வேகம் மணிக்கு 29 கி.மீ. ஒரு சார்ஜில் 19 முதல் 29 கி.மீ. வரை போகும் என்கிறது நிறுவனம். மேடும் எதிர்க்காற்றும் உள்ள ஊரில் 19-ஐயே கணக்கில் வையுங்கள். அறிமுக விலை 1,400 டாலர். சாதாரண பின்ட்டின் 148 வாட்-மணி பேட்டரி 10, 13 கி.மீ.யில் தீர்ந்துவிடும். தினமும் வேலைக்குப் போய்வர வேண்டியவர் விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

ஆளைச் சுமந்து போவதும் விழாமல் பிடித்திருப்பதும் ஒரே மோட்டார்தான். நாம் முன்னால் சாய்ந்தால், பலகையின் மூக்கு தாழாதிருக்க மோட்டார் வேகம் எடுக்கிறது. கேட்ட விசையை அதனால் தர முடியாத கணத்தில் மூக்கு தரையில் குத்தும், ஆள் முன்னால் போய் விழுவார். ஓட்டுபவர்கள் ‘நோஸ்டைவ்’ என்பது இதைத்தான். முழு சார்ஜில் பேட்டரி 63 வோல்ட். தீரும் நேரத்தில் 50-க்குப் பக்கத்தில் வந்துவிடும், மேடேறும்போது சுமையால் இன்னும் சில வோல்ட் சரியும். மோட்டார் எட்டக்கூடிய வேகமும் வோல்ட்டோடு சேர்ந்து இறங்கும். அதனால், புறப்படும்போது அலுங்காமல் போன அதே 25 கி.மீ. வேகம், திரும்பும்போது 15 சதவீத சார்ஜில் ஒரு குழியில் ஏறி இறங்கினால் காலை வாரிவிடும். எடை கூடியவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் குறைவு. உச்ச எடை 113 கிலோ என்று போட்டிருந்தாலும், 95-ஐத் தாண்டியவர்கள் அதே நிறுவனத்தின் பெரிய மாடலான ஜிடியைப் பார்ப்பதே நல்லது.

எல்லை நெருங்கும்போது பலகை தன் மூக்கைத் தூக்கிப் பின்னால் தள்ளும். இதுதான் ‘புஷ்பேக்’. புதிதாக ஓட்டுபவர்கள் அதை எதிர்த்து இன்னும் முன்னால் சாய்வார்கள், விழுவதும் அப்போதுதான். 2023 செப்டம்பரில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து சுமார் 3 லட்சம் ஒன்வீல்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2019 முதல் 2021 வரை நான்கு மரணங்கள் பதிவாகியிருந்தன. பின்ட் எக்ஸுக்குக் கிடைத்த தீர்வு, எல்லையில் பலகையை அதிரவைத்து எச்சரிக்கும் ‘ஹேப்டிக் பஸ்’ மென்பொருள். அதை ஏற்றாமல் ஓட்டாதீர்கள். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம், ஏனென்றால் விழும்போது முதலில் தரையைத் தொடுவது கைதான். இன்னொன்று: மலைமேல் வீடு இருந்தால் 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, இறக்கத்திலேயே புஷ்பேக் வந்து மூக்கு தூக்கும்.

முன்கால் வைக்கும் இடத்தின் கீழே இரண்டு பகுதியாகப் பிரிந்த அழுத்த சென்சார் இருக்கிறது. கிளம்ப இரண்டும் அழுந்த வேண்டும், ஆகவே பாதம் குறுக்காக முழுவதும் படியட்டும். நின்றபின் குதிகாலைத் தூக்கினால் மோட்டார் விடுபடும். ஆள் இறங்கியும் சக்கரம் ஓடினால், அதைக் ‘கோஸ்ட்டிங்’ என்பார்கள், சென்சார் படலத்தில் ஈரம் புகுந்திருக்கும் அல்லது படலம் மடிந்திருக்கும். துடைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் மேல்பலகையோடு மாற்றிவிடுங்கள்.

சவாரியின் சுகத்தில் பாதி டயர் காற்றில் இருக்கிறது. உடல் எடையைப் பவுண்டில் எடுத்துப் பத்தால் வகுத்துத் தொடங்குங்கள். 70 கிலோ என்றால் 15 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் பலகை துள்ளும், வளைவில் சட்டென்று திரும்பும். குறைத்தால் நிதானம் வரும், ஆனால் பேட்டரி சீக்கிரம் கரையும், கல்லில் ஏறினால் விளிம்பு அடிபடும். கண்டிப்பாக டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். இந்தச் சின்ன டயரில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

கூடவே வரும் வழவழப்பான 10.5 x 4.5-6 டயர் தார்ச்சாலைக்குப் போதும். மண்பாதைக்கு வரிப்பட்டை உள்ளது வேண்டும். மாற்றுவது அரைநாள் வேலை. முதலில் பலகையை அணையுங்கள். மோட்டார் கேபிளைக் கழற்றி, பக்கவாட்டு ரெயிலை எடுத்து, அச்சு போல்ட்டுகளைத் தளர்த்தினால் சக்கரம் வெளியே வரும். கேபிளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. விளிம்போடு ஒட்டிய டயரை சி-கிளாம்பால் அழுத்திப் பிரித்து, சோப்புத் தண்ணீர் தடவி லீவரால் நெம்புங்கள். ட்யூப் இல்லாததால் திரும்ப உட்கார வைக்கக் கைப்பம்ப் உதவாது, கம்ப்ரசர்தான். இரண்டு முறை ‘டப்’ என்று கேட்டால் இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. ஒழுகல் அடைக்கும் திரவத்தை அப்போதே ஊற்றிவிடலாம்.

மற்ற அலங்காரங்களில் ரெயில் கவசமும் அடிப்பக்கத் தட்டும் காசுக்குத் தகும், இறங்கும்போதெல்லாம் வால் தரையில் உரசுவதால். நடுவில் குழிந்த மேல்பலகை நீண்ட தூரத்தில் பாதவலியைக் குறைக்கும். மூக்கில் மாட்டும் குட்டிச் சக்கரங்களைப் பற்றி ஆகா ஓகோ என்கிறார்கள். அவை குத்துவதைச் சறுக்கலாக்கும், அவ்வளவே. அவற்றை நம்பி வேகம் கூட்டுவது முட்டாள்தனம். மட்கார்டைக் கழற்றுபவர்கள் தோற்றத்துக்காகக் கால்விரலைப் பணயம் வைக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை ரெயில் போல்ட்டுகளைக் கையால் முறுக்கிப் பாருங்கள். டிரில் போட்டால் தலை தேய்ந்துவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அணைத்த நிலையில் சக்கரத்தைச் சுழற்றும்போது கரகரத்தால் பேரிங்கில் மண் போயிருக்கிறது. சார்ஜர் பச்சை காட்டியதும் உடனே பிடுங்காமல், அவ்வப்போது ஒன்றிரண்டு மணிநேரம் விட்டுவையுங்கள். செல்களைச் சமப்படுத்துவது அந்த நேரத்தில்தான் நடக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜ் போதும். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், தண்ணீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை.

பேட்டரிப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். 63 வோல்ட் விளையாட்டல்ல, ரப்பர் ஓரமும் பழைய மாதிரி மூடாது. பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மென்பொருளால் ஜோடி சேர்க்கப்பட்டவை என்பதால் வெளியிலிருந்து வாங்கிய பேட்டரியை நேராக மாட்டவும் முடியாது. இந்தப் பூட்டு எங்களுக்குப் பிடிக்கவில்லை. தானே பழுதுபார்க்க விரும்புபவர்கள் திறந்த மூலமான வெஸ்க் கட்டுப்பாட்டுப் பலகையை மாட்டி ‘ரிஃப்ளோட்’ மென்பொருளை ஏற்றிக்கொள்கிறார்கள். எச்சரிக்கை எல்லைகளைத் தானே அமைக்கத் தெரியாதவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

விமானத்தில் கொண்டுபோகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பயணிகள் எடுத்துச் செல்ல வரம்பு 160 வாட்-மணி, இது அதைப் போல இரண்டு மடங்கு. முடியாது.