நூறு மில்லி பாட்டிலா, பாக்கெட்டா, செக்-இன் பெட்டியா?

அம்மா காய்ச்சிய தலை எண்ணெய் அது. கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, ஒரு பிடி வெந்தயம் போட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித் தந்திருந்தார். மதுரையில் உள்நாட்டு விமானம் ஏறும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஊரில், பன்னாட்டு முனையத்தின் சோதனையில், என் பை தனியாக ஒதுக்கப்பட்டது. அதிகாரி பாட்டிலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் இருந்த 200 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். "சார், உள்ளே அறுபது மில்லிகூட இருக்காது" என்றேன். "உள்ளே இருக்கிறது கணக்கில்லை, பாட்டில்தான் கணக்கு" என்றார். செக்-இன் பெட்டியோ மதுரையிலேயே லண்டன் வரைக்கும் சீட்டு ஒட்டிப் போய்விட்டது. எண்ணெயை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அதற்கப்புறம் திரவப் பொருள்களைக் கொண்டுபோக என்னென்ன வழி உண்டோ, எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எது யாருக்கு ஒத்துவரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. 2006 ஆகஸ்ட் 10 அன்று, பிரிட்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களை குளிர்பான பாட்டில்களில் அடைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளியே வந்தது. சில வாரங்களுக்குக் கைப்பையில் திரவமே கூடாது என்ற நிலை. பிறகு அந்த ஆண்டே செப்டம்பரில் அமெரிக்காவும் நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் இன்றைய நூறு மில்லி விதிக்கு வந்தன. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும், ஏறக்குறைய 20 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவுள்ள, ஒளி ஊடுருவும் ஜிப் கவருக்குள் அடங்க வேண்டும். கவர் மூட வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான். திரவம் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. பேஸ்ட், ஜெல், க்ரீம், ஜாம், தயிர், நெய், தொக்கு, எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய் எல்லாமே இதில் அடக்கம். பாட்டியின் கோடாலித் தைலம்கூட அந்தக் கவருக்குள் போக வேண்டியதுதான்.

இந்தியாவுக்குள் பறக்கும்போது இந்தக் கெடுபிடி பெரும்பாலும் இல்லை. தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். அதனால்தான் மதுரை, கோவை, தூத்துக்குடியிலிருந்து கிளம்பி இன்னொரு ஊரில் பன்னாட்டு விமானம் மாறுகிறவர்கள் அதிகமாக மாட்டுகிறார்கள். முதல் ஊரில் விட்டார்களே என்பது அடுத்த ஊரில் செல்லாது.

பயண பாட்டில்கள்

கடைகளில் 'டிராவல் கிட்' என்று விற்பவை இரண்டு வகை. ஒன்று அமுக்கினால் பிதுங்கும் சிலிக்கான் பாட்டில். இன்னொன்று திருகுமூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக். சிலிக்கான் பார்க்க அழகு, ஷாம்புக்கும் கண்டிஷனருக்கும் நல்லது. எண்ணெய்க்கு நான் அதை நம்ப மாட்டேன். பையில் ஏதாவது அழுத்தினால் அந்த சின்ன மூடி திறந்துகொள்ளும். எண்ணெய்க்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். திருகுமூடிதான் எனக்குப் பிடித்தது.

ஒழுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விமானம் மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலை மேல் இருப்பதைப் போலக் குறைகிறது. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட காற்று கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், அதனால் அதுதான் அதிகம் கக்கும். கழுத்து வரை நிரப்புங்கள். பாதிதான் இருக்கிறது என்றால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் உறையை வைத்துத் திருகினால் இன்னும் நிம்மதி.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் தனி யோசனை வேண்டும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மதுரையில் தண்ணீர் மாதிரி ஊற்றி நிரப்பிய பாட்டில், லண்டன் குளியலறையில் வெள்ளை மெழுகாக இறுகி, ஒடுங்கிய கழுத்து அடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு வரவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்துத்தான் தலைக்கு வைத்தேன். இப்போது அகன்ற வாய் டப்பாவில்தான் எடுத்துப்போகிறேன், விரலால் எடுத்துக்கொள்ளலாம். உறைந்திருக்கிறதே, கெட்டிப் பொருள்தானே என்று சோதனையில் வாதாட வேண்டாம்; சூடு பட்டால் அது எண்ணெய்தான்.

கவரில் நூறு மில்லி பாட்டில் பத்து போகும் என்று கணக்கு சொல்லும். உருண்டை பாட்டில் என்றால் என் கையில் ஆறுக்கு மேல் போனதில்லை, அதற்கு மேல் ஜிப் மூடாது. தட்டையான பாட்டில் வாங்குங்கள்.

பாக்கெட் ஷாம்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ச் சரக்கு. ஷாம்புவை பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டு சேர்க்கலாம் என்று செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 'வெல்வெட்' ஷாம்பு அவர் குடும்பத்துடையது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழிலில் 'சிக்' ஷாம்பு பாக்கெட் வந்தது. அதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் அந்தப் பாக்கெட்டை விமானத்துக்கு என்று யாரும் செய்யவில்லை. ஆனால் நூறு மில்லி விதிக்கு அதைவிடப் பொருத்தமான உறையை நான் பார்த்ததில்லை.

ஒரு பாக்கெட் பத்து மில்லிக்கும் குறைவு. தட்டையாகக் கிடக்கும். சரத்தைப் பிரிக்காமல் மடித்து கவரின் ஓரத்தில் செருகினால் இடமே எடுக்காது. காற்று அதிகம் இல்லாததால் மேலே போனாலும் ஒழுகாது. பயன்படுத்தப் பயன்படுத்தச் சுமை குறையும். திரும்பி வரும்போது காலி பாட்டிலைச் சுமக்க வேண்டாம். நான்கைந்து நாள் பயணத்துக்கு ஷாம்பு, கண்டிஷனர், தலை எண்ணெய், முகத்துக்குக் க்ரீம் எல்லாமே பாக்கெட்டில் கிடைக்கின்றன; கையில் இருக்கும் சில்லறை போதும். நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் டிராவல் கிட்டோடு இதை ஒப்பிடவே முடியாது.

குறை இரண்டு. கிழித்தால் மூட முடியாது. நீளமான கூந்தலுக்கு ஒன்று போதாது, ஒன்றரை தேவை, மிச்சம் வீணாகும். அப்புறம் குப்பை. பத்து நாளைக்கு மேல் போகிறேன் என்றால் அந்த பிளாஸ்டிக் மனதை உறுத்துகிறது, அப்போது பாட்டிலுக்கு மாறிவிடுவேன்.

திரவமே இல்லாமல்

சோப்புக் கட்டி, ஷாம்புக் கட்டி, பல்பொடி, சீயக்காய்த் தூள். இவை எதுவும் கவருக்குள் போக வேண்டியதில்லை. சாப்பாட்டிலும் இப்படிச் செய்யலாம். புளிக்காய்ச்சலுக்குப் பதில் புளியோதரைப் பொடி. எண்ணெய் ஊறுகாய்க்குப் பதில் காயவைத்த உப்பு நார்த்தங்காயும் மோர் மிளகாயும். கைப்பையோடு மட்டும் பயணம் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 ஜூன் 30 முதல், அந்த நாட்டுக்குப் போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் உள்ள பொடிகளைக் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். என்னவென்று அவர்களால் உறுதி செய்ய முடியாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஒரு கிலோ சாம்பார் பொடியைக் கைப்பையில் வைப்பது வீண் வம்பு. அதைச் செக்-இன்னில் போட்டுவிடுங்கள்.

செக்-இன் பெட்டி

ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் என்று அளவாகக் கொண்டுபோக வேறு வழியே இல்லை. மகள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஆவக்காய் கொண்டுபோகிற அம்மாவிடம் போய் நூறு மில்லி டப்பாவைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஒழுகினால் சேதமும் இங்கேதான் பெரிது. சரக்கு அறையிலும் அதே காற்றழுத்த மாற்றம்தான். அதோடு பெட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். என் வழக்கம் இது: பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனித்தனி கவரில் போட்டு, நடுவில் பழைய துண்டைச் சுற்றி, பெட்டியின் மத்தியில் நிற்க வைப்பேன். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். கொப்பரையை இதில் போடாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தடை. போய் இறங்கும் நாட்டின் உணவு விதிகள் தனி, அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து மட்டும் செக்-இன்னில் போகக் கூடாது. இன்சுலின் கண்டிப்பாகக் கையில் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தாலும் ஆபத்து, கீழே குளிரில் உறைந்தாலும் ஆபத்து. மருந்துக்கும் குழந்தையின் பாலுக்கும் நூறு மில்லி விதியில் விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டோடு தனியாக எடுத்து, அவர்கள் கேட்கும் முன்பே நீங்களே காட்டுங்கள்.

உள்ளே போய் வாங்குவது

சோதனை தாண்டிய பிறகு கடையில் வாங்கும் வாசனை திரவியத்தையும் மதுவையும் முத்திரையிட்ட கவரில், ரசீதையும் உள்ளே வைத்துத் தருவார்கள். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் கடைசி ஊர் வரை அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அடுத்த சோதனையில் அதுவும் சாதாரணப் பாட்டில்தான். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமான வாசலிலேயே நடக்கும். உள்ளே வாங்கிய தண்ணீரையும் அங்கே கொட்ட வேண்டியிருக்கும்.

புதிய ஸ்கேனரை நம்பலாமா?

பைக்குள் இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, இனி நூறு மில்லி எல்லாம் கிடையாது என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. லண்டன் சிட்டி விமான நிலையம் 2023-ல் இரண்டு லிட்டர் வரை அனுமதித்தது. 2024 ஜூனில் பிரிட்டன் அரசு உத்தரவால் மீண்டும் நூறுக்கே திரும்பியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் பழைய அளவுக்குப் போனது. 2025 ஜூலையில் பிரிட்டனின் எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்கள் மறுபடி இரண்டு லிட்டர் என்றன. அங்கிருந்து இரண்டு லிட்டரோடு கிளம்பி, வளைகுடாவில் விமானம் மாறும்போது பழைய விதி வந்து நிற்கும். உங்கள் வழியில் எந்த விமான நிலையம் மிகவும் கண்டிப்பானதோ, அதன் விதிக்கே மொத்தப் பையையும் கட்டுங்கள். திரும்பி வரும் வழியையும் சேர்த்துத்தான்.

ஒரு வாரத்துக்குள் என்றால் நான் பாக்கெட்டும் பொடியும்தான். மூன்று வாரம் என்றால் தட்டையான திருகுமூடி பாட்டில். சாப்பாட்டுச் சாமான் என்றால் யோசிக்காமல் செக்-இன். அம்மாவின் எண்ணெய் இப்போதெல்லாம் இரண்டாகப் பிரிந்து போகிறது: அரை லிட்டர் டேப் ஒட்டி துண்டுக்குள், ஐம்பது மில்லி அகன்ற வாய் டப்பாவில் கைப்பைக்குள். டப்பாவின் அடியில் 50 என்று அச்சாகியிருக்கிறதா என்று அம்மாவே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.