பம்ப் ஓவராயில் என்று சொல்லி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்: பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய டீசல் பிக்கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட்டுகிறவர்கள், ஃப்யூயல் பம்பை வெளியில் வேலைக்குக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இந்த வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

வண்டி நாலு சிலிண்டர் டர்போ டீசல். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்புவது ரோட்டரி டைப் விஇ பம்ப். வாங்கியதிலிருந்து கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொரு வேலையாக முடித்து வந்தேன். முதலில் பிரேக், அப்புறம் ரேடியேட்டர், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட். சேஸிஸில் துரு பிடித்த இடங்களை வெட்டி வெல்டிங். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் கடைசியில்தான் என்று முதலிலேயே முடிவு. நிற்காத வண்டிக்குப் பளபளப்பு எதற்கு? என்ஜினில் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தபோது நாலு சிலிண்டரும் 400 பிஎஸ்ஐ சுற்றி வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ரீடிங்கை எழுதி வைத்திருந்தேன். பிறகு அது ரொம்ப உதவியது.

ஒரே ஒரு தொந்தரவுதான் பாக்கி. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். நல்லா ஓடி சூடான பிறகு நிறுத்திவிட்டுத் திரும்ப அடித்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஆறவிட்டால் பிடித்துவிடும். விஇ பம்ப் தெரிந்தவர்களுக்கு இது பழகிய நோய்தான். இந்தப் பம்பில் டீசலை அழுத்தித் தள்ள எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பிளஞ்சர். அதற்கும், அது உள்ளே ஓடுகிற பம்ப் ஹெட்டுக்கும் (என்ஜின் ஹெட் இல்லை) இடையே சில மைக்ரான் இடைவெளிதான். அது தேய்ந்தால், சூட்டில் டீசல் இளகும்போது அந்த இடைவெளி வழியாகவே பின்வாங்கிவிடும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பிளஞ்சர் வேகமாக அடிப்பதால் கசிவு பெரிதாகத் தெரியாது. செல்ஃப் சுற்றும் வேகத்தில்தான் மாட்டிக்கொள்ளும். உறுதிசெய்ய ஒரு பழைய வழி: சூடாக நிற்கிற வண்டியில் பம்ப் ஹெட்டின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு செல்ஃப் அடிப்பது. என் வண்டி உடனே பிடித்தது. (சிலர் பக்கெட் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். வேண்டாம், சூடான பம்பில் திடீரென்று பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே பிளஞ்சர் இறுகிப்போகலாம்.)

ஆக, வேலை என்ன என்று தெரிந்தேதான் போனேன். ஹெட் ரோட்டார் (ஹெட்டும் பிளஞ்சரும் சேர்ந்த செட்) புதுசு, சீல் கிட் புதுசு, பெஞ்சில் கலிபரேஷன், அதாவது பம்பைத் தனியாக ஒரு மெஷினில் சுற்றவிட்டு டீசல் அளவை அளந்து செட் பண்ணுவது. கூடவே நாலு இன்ஜெக்டருக்கும் டீசலைத் தெளிக்கிற நுனியான நாசில் புதுசு. கடைக்காரர் பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹெட் போயிடுச்சு சார், மாத்திடலாம். அப்படியே பவரும் கொஞ்சம் ஏத்தித் தர்றேன், வண்டி பறக்கும்" என்றார். பவர் இப்போது வேண்டாம், டர்போவிலிருந்து வரும் காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலர் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

பம்ப் திரும்பி வந்தபோது பார்க்க அவ்வளவு அழகு, சில்வர் பெயிண்ட் மின்னியது. மாட்டி, டைமிங் வைத்து, ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணினால் வண்டி நிஜமாகவே பறந்தது. மேட்டில் முன்பு மூன்றாவது கியர் கேட்ட இடத்தில் நாலாவதிலேயே ஏறியது. சூட்டிலும் ஓரளவு பிடித்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டே இருந்து மெதுவாக வந்தது. ஐடிலிங் ஸ்க்ரூவைப் பார்த்தேன். கடைசி வரை வெளியே கழற்றி விடப்பட்டிருந்தது.

இந்த மூன்றும் சேர்ந்தால் கதை புரிந்துவிடும். பம்பின் பின்பக்கம் ஃபுல் லோடு ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. அதை உள்ளே முறுக்கினால் டீசல் கூடும். கூடவே ஐடிலும் ஏறும், அதை மறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவை வெளியே எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டிங்கில் போகிற டீசலும் கூடுவதால், தேய்ந்த ஹெட்டில் கசிந்தது போக மிச்சம் இருக்கிற டீசலில் வண்டி பிடித்துக்கொள்ளும். எந்தப் பாகத்தையும் மாற்றாமல் "சரியாயிடுச்சு" என்று காட்ட இந்த ஒரு ஸ்க்ரூ போதும். பவரும் கூடுவதால் வண்டிக்காரர் சந்தோஷமாகப் போய்விடுவார். தேய்மானம் இன்னும் கொஞ்சம் கூடும்போது சூட்டில் பிடிக்காத பிரச்சினை பழையபடி வரும். எனக்கும் வந்தது.

இதில் பணம் போனதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. டீசல் என்ஜினில் காற்றுக்கு மீறி டீசல் போனால் சைலன்சர் பக்கம் போகிற சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் அந்தச் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி ரொம்ப நேரம் நின்றால் ஆபத்து என்பது டீசல் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிஸ்டன் அலுமினியம். சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும். வண்டியில் சூட்டைக் காட்டும் மீட்டரும் கிடையாது, டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரும் கிடையாது, இன்டர்கூலரும் கிடையாது. லோடு ஏற்றி ஒரு நீளமான மேட்டில் முழுசாக மிதித்திருந்தால் நல்ல என்ஜினே போயிருக்கும். அதுவும் வேண்டாம் என்று சொன்ன பிறகு.

திரும்பப் போய்க் கேட்டால், "உங்க என்ஜின்ல கம்ப்ரெஷன் இல்ல சார், பம்ப் என்ன பண்ணும்?" என்றார். ரீடிங்கைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது. "டீசல்ல தண்ணி இருக்கும்", "உங்க ஆளு டைமிங் தப்பா வச்சிருப்பாரு". பழைய ஹெட்டைக் கொடுங்கள் என்றதற்கு, "அதெல்லாம் ஸ்கிராப்ல போயிடுச்சு". டெஸ்ட் ஷீட் கேட்டதும் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். நாலு லைனுக்கும், எல்லா ஆர்பிஎம்மிலும், ஒரு புள்ளி கூட மாறாமல் ஒரே அளவு.

அந்தத் தாளே சாட்சி. பெஞ்சில் ஒவ்வொரு இன்ஜெக்டர் லைனிலிருந்தும் வருகிற ஆயிலைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பிடித்துத்தான் அளப்பார்கள். புதுப் பம்பிலேயே லைனுக்கு லைன் ஒரு நூலாவது வித்தியாசம் இருக்கும். ஆர்பிஎம் மாறினால் அளவும் மாறியே தீரும். இன்னொன்று, ஸ்டார்ட்டிங் வேகத்துக்கான வரியே அதில் இல்லை. பம்ப் என்ஜினில் பாதி வேகத்தில் சுற்றுவது. செல்ஃபில் என்ஜின் 200 ஆர்பிஎம் சுற்றினால் பம்ப் 100. ஹெட் தேய்ந்திருந்தால் மாட்டிக்கொள்கிற இடம் அந்த 100 தான். அதை அளக்காமல் கலிபரேஷன் செய்தேன் என்றால் யாரை ஏமாற்ற?

வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பம்பைப் பெஞ்சில் ஏற்றுவதற்கு முன்பே அவர் ஒரு இரும்பு ஊசியை எடுத்து, ஹெட்டைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டின் தலையையும் சுரண்டினார். அலன் கீ போடுகிற குழி நாலிலும் வருஷக்கணக்கான அழுக்கு கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அதன் மேலேயே சில்வர் பெயிண்ட். "இதுக்குள்ள சாவியே போகலயே தம்பி. அப்புறம் எப்படி ஹெட்டைக் கழட்டினாங்களாம்?" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபுல் லோடு ஸ்க்ரூவின் லாக் நட்டில் மட்டும் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம்.

நாசிலும் அப்படித்தான். ஒவ்வொரு நாசில் உடம்பிலும் சின்ன எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், நாலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு ஒரு எண், இரண்டு வேறு எண். கையால் அடிக்கிற டெஸ்டரில் வைத்துப் பார்த்ததில் ஒன்று பூவாகத் தெளிக்காமல் நுனியில் சொட்டியது. அடியில் போடுகிற செம்பு வாஷர் எல்லாம் பழையதே, நசுங்கிய தடத்தோடு.

பம்ப் கொடுக்கப் போகிறவர்கள், கழற்றுவதற்கு முன் ஹெட் போல்ட், மேல் மூடி, ஃபுல் லோடு ஸ்க்ரூ எல்லாவற்றையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். ஸ்க்ரூவின் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். நாசில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஹெட், பழைய நாசில் கைக்கு வந்தால்தான் மீதிப் பணம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெஞ்சில் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடாத கடை என்றால் பம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பெஞ்சில் டீசல் ஓட்டுவதில்லை, ஐஎஸ்ஓ 4113 தரத்தில் வரும் கலிபரேஷன் ஆயில்தான் ஓட்ட வேண்டும். என்ன ஆயில் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் உடனே சொல்லிவிடுவார். பெயிண்ட் அடித்துத் தரவே வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்போது புது ஹெட், நாலும் ஒரே எண் நாசில், ஸ்க்ரூ பழைய அளவில். சூட்டில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது, புகை இல்லை. மேட்டில் மறுபடியும் மூன்றாவது கியர்தான், பரவாயில்லை. அடுத்து சூடு மீட்டரும் பூஸ்ட் மீட்டரும், பிறகு இன்டர்கூலர். ஸ்க்ரூவில் கை வைப்பது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

முதல் கடையிலிருந்து ஒரு பைசா திரும்பவில்லை. ஹெட் மாற்றியதாக வாயால் சொன்னவர், பில்லில் "பம்ப் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். பெரியவர் கொடுத்த பில்லில் ஹெட்டின் பார்ட் நம்பர், நாசில் எண், சீல் கிட் எல்லாம் தனித்தனி வரி. நீங்களும் அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள், பம்பை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே.