ஏற்காட்டில் இரண்டு நாள் இலைப்பூஞ்சைப் பயிற்சி: போகலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்கள், பி.ஃபார்ம். அல்லது மைக்ரோபயாலஜி படிக்கும் பிள்ளைகள், ப்ளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் போகலாம். மலையில் ரெண்டு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. காலையில் இலை பறிக்கத் தொடங்கினால் இருட்டும்வரை நின்றபடி வேலை இருக்கும்.

இடம், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் ஒரு காபித் தோட்டம். காபிக்கொட்டை மூட்டை அடுக்கிய பழைய கிடங்கைச் சுத்தம் செய்து ஆய்வகமாக வைத்திருக்கிறார்கள். நடத்துகிறவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மேடம்தான். கட்டணம் ஒருவருக்கு 3,500 ரூபாய், தங்குவதும் சாப்பாடும் அதிலேயே அடக்கம். நான் அம்மாபேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அக்கா மகள் மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். "நீயும் வா சித்தி, நீ விக்கிற மாத்திரையெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கலாம்" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

நல்ல ஆரோக்கியமான இலைக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. செடிக்கு நோய் எதுவும் காட்டாமல், கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே இருப்பவை. அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, அவை சுரக்கும் பொருட்களில் கிருமியைத் தடுப்பது ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் பயிற்சியின் பொருள். தோட்டத்தில் வேலை பார்க்கும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் இலை பறிக்க அழைத்துப் போனார். "பூச்சி கடிச்சத விடும்மா, புள்ளி விழுந்தத விடு. நல்லா இருக்கிற இலைதான் மேடம் கேப்பாங்க" என்றார். காபி, மிளகு, சில்வர் ஓக், அப்புறம் வேலியோரத்து மரங்கள் சில. ஒவ்வொரு இலையையும் தனி உறையில் போட்டு, மரம், உயரம், நேரம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதாத உறையை மேடம் வாங்கவே இல்லை.

அடுத்த கட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இலையின் மேல்பரப்பில் ஒட்டியிருப்பதைக் கொன்றுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வளரவிட வேண்டும். 70 சதவீத எத்தனாலில் சில விநாடி, பிறகு 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒன்றரை நிமிடம், கடைசியாகக் கிருமி நீக்கிய தண்ணீரில் அலசல். அதோடு விடவில்லை. அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைத் தனித் தட்டில் ஊற்றி வைக்கச் சொன்னார் மேடம். அந்தத் தட்டில் ஏதாவது வளர்ந்தால் இலையின் வெளியே இருந்தது சாகவில்லை என்று அர்த்தம், அந்த வரிசை முழுக்கக் குப்பைக்குத்தான். அதன் பிறகு அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய பெட்ரி தட்டுகளில் வைத்தோம். பாக்டீரியா வராமல் இருக்க அகாரில் குளோராம்ஃபெனிகால் கலந்திருந்தது. கடையில் நான் கண்சொட்டு மருந்தாக எடுத்துக் கொடுப்பது இங்கே பூஞ்சைக்குக் காவல் நின்றது.

பூஞ்சை ரெண்டு நாளில் வளர்ந்து முடிக்காது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு அருமை. நாம் வைக்கும் தட்டுகள் அடுத்த குழுவுக்குப் போகும். முந்தைய குழு வைத்தவை நம் கைக்கு வரும். யாரோ ஒருவர் கோணல்மாணலாக எழுதிய மரத்தின் பெயரைப் படித்து, அவர் வைத்த துண்டின் ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கும் வெள்ளை இழைகளைப் பார்க்கும்போது, உறையில் ஏன் மேடம் அவ்வளவு கறாராக எழுத வைத்தார் என்று புரிந்துவிடுகிறது.

அன்று மாலை வகுப்பில் மேடம் என்னைப் பார்த்து, "உங்க கடையில பூஞ்சையிலிருந்து வந்தது என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். பெனிசிலின் எல்லோருக்கும் தெரியும். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1939-இல் பிரித்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் மெத்திலெர்கோமெட்ரினுக்கு மூலம், ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சை. சிறுநீரகம் மாற்றியவர்கள் விழுங்கும் சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையுடையது. கொழுப்புக்கு இன்று நாம் அதிகம் விற்கும் அட்டோர்வாஸ்டாட்டின் பூஞ்சை இல்லாமல் முழுக்க வேதியியல் முறையில் ஆலையில் செய்வதுதான். ஆனால் ஸ்டாட்டின் என்ற அந்த மருந்து வகைக்கே வழி திறந்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் சிட்ரினம் என்ற ஒன்றில் கொழுப்பைக் குறைக்கும் காம்பாக்டினைக் கண்டார். பிறகு ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் தந்த லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் எடுத்துக் கொடுக்கிற பெட்டிகள். அன்று ராத்திரி எனக்குச் சீக்கிரம் தூக்கம் வரவில்லை.

வகுப்பில் கடல் பூஞ்சை பற்றிய பகுதி அதைவிட நன்றாக இருந்தது. இத்தாலியின் சார்டினியா தீவில் கலியாரி என்ற ஊர். 1945-இல் ஜூசெப்பே புரோட்ஸு என்ற மருத்துவர், ஊர்ச் சாக்கடை கடலில் சேரும் இடத்தைக் கவனித்தார். அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு எதிர்பார்த்த அளவு டைபாய்டு வரவில்லை. அங்கே தண்ணீர் எடுத்து வளர்த்ததில் செஃபலோஸ்போரியம் பூஞ்சை கிடைத்தது. கையில் வசதி இல்லாததால் அதை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் 1950-களில் செஃபலோஸ்போரின் சி-யைப் பிரித்தார்கள். பெனிசிலினை உடைத்துப்போடும் பாக்டீரியாவின் நொதி இதை அவ்வளவு எளிதில் உடைக்கவில்லை. அந்த வகையின் முதல் மருந்து, செஃபலோத்தின், 1964-இல்தான் விற்பனைக்கு வந்தது. சாக்கடை வாய்க்கும் மருந்துக் குப்பிக்கும் நடுவே 19 வருடம். செஃபலெக்சின், செஃபிக்சைம் எல்லாம் அந்த வம்சம்தான். "காய்ச்சலுக்கு ரெண்டே ரெண்டு மாத்திரை மட்டும் கொடுங்கக்கா" என்று சீட்டு இல்லாமல் வந்து நிற்பவர்களிடம் முன்பெல்லாம் முடியாது என்று மட்டும் சொல்வேன். இப்போது கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் புரோட்ஸு கதையையும் சொல்கிறேன். பாதியில் விட்டுவிட்டு மிஞ்சிய கிருமியைப் பழக்கிவிட்டால், அந்த 19 வருடம் வீணாகப் போகும் என்று கேட்டவர்களுக்குப் புரிகிறது.

நம்மூர் வேலையையும் மேடம் விடவில்லை. சென்னையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாபீடத்தில் இருந்துகொண்டு டி.எஸ். சூரியநாராயணன் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரங்களின் இலைகளிலும், தமிழ்நாட்டுக் கரையோரக் கடற்பாசிகளுக்குள்ளும் வாழும் பூஞ்சைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எங்கள் தட்டில் கெட்டியாக நின்ற அகாரே மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுப்பது என்று மேடம் சொன்னபோது, அக்கா மகள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். முந்தைய குழுவின் பூஞ்சைகளிலிருந்து சிறு வட்டங்களை வெட்டி, பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற தீங்கில்லாத பாக்டீரியா பரப்பிய தட்டில் முந்தின நாளே வைத்திருந்தார்கள். ஒரு வட்டத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியா வளராமல் தெளிவாக வளையம் விட்டிருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். "மருந்து கண்டுபிடிச்சிட்டோம் மேடம்!" என்றான் ஒரு பையன். மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கரும்பலகையில் கேள்விகளை எழுதினார். இது ஏற்கெனவே தெரிந்த பொருளா? பாக்டீரியாவைக் கொல்வது மனிதச் செல்லையும் கொல்லுமா? இதே பூஞ்சையைத் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் இதைத் தொடர்ந்து சுரக்குமா? ஒரு கிராம் வேண்டுமென்றால் எத்தனை லிட்டர் வளர்க்க வேண்டும்?

அந்தக் கேள்விகளுக்காகவே 3,500 ரூபாய் கொடுக்கலாம். வளையம் விட்ட பூஞ்சையின் வளர்ப்பு நீரை எத்தில் அசிடேட்டில் பிரித்து, மெல்லிய சிலிக்கா தகட்டில் ஓடவிட்டு (கலந்திருக்கும் பொருட்கள் தனித்தனி உயரத்தில் புள்ளியாக நிற்கும்), புற ஊதா விளக்கில் பார்த்தோம். பக்கத்திலேயே தெரிந்த பொருள் ஒன்றையும் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் நின்றன. ஒரே பொருள்தான் என்று அதை வைத்தே சாதிக்க முடியாது, எடையும் அமைப்பும் கருவியில் பார்க்க வேண்டும். ஆனாலும் புதியது என்று துள்ள இடமில்லை. கைதட்டிய பையன் முகம் வாடிவிட்டது. "தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு சீக்கிரம் கண்டுபிடிக்கிறதும் வேலைதான்ப்பா, இல்லேன்னா ரெண்டு வருஷம் போயிடும்" என்றார் மேடம்.

கரும்பலகையில் எழுதிய கேள்விகள் ஏன் முக்கியம் என்பதை அவர் காட்டிய இரண்டு உதாரணங்கள் தெளிவாக்கின. புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்சால், பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது. 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த மரத்துக்குள் வாழும் டாக்சோமைசிஸ் என்ற பூஞ்சையும் டாக்சால் சுரக்கிறது என்று எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. மரத்தை வெட்டாமல் தொட்டியில் மருந்து காய்ச்சலாம் என்ற நம்பிக்கை. ஆனால் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் கிடைத்தது. இன்றும் ஆலைகள் யூ மரத்து ஊசியிலையையும் செல் வளர்ப்பையும்தான் நம்பியிருக்கின்றன. இன்னொன்று, ஜூனிபர் இலைக்குள் வாழும் ஹார்மோனீமா என்ற பூஞ்சை. அது தந்த என்ஃபுமாஃபங்கினை வேதியியலில் மாற்றிச் செய்த இப்ரெக்ஸாஃபங்கெர்ப், ஈஸ்ட் தொற்றுக்கான மாத்திரையாக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. ஒன்று பாதியில் நின்றுபோனது, ஒன்று கரையேறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் குறைவு.

குழுவில் வந்திருந்த ஒருவர், இந்தச் சாற்றைக் காயவைத்து கேப்ஸ்யூலில் அடைத்துச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். மேடம் குரல் அப்போதுதான் உயர்ந்தது. நிலக்கடலையில் பூசணமாக வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் அஃப்ளடாக்சினைச் சுரக்கிறது. மருந்து தரும் அதே பேரினம்தான் விஷமும் தருகிறது. சோதிக்காத பூஞ்சைச் சாறு யார் வாயிலும் போகக் கூடாது என்றார். எங்கள் கடைக்கும் மாதம் ஒருவராவது 'எல்லா நோய்க்கும் காளான் பொடி' என்று விற்கச் சொல்லி வருகிறார்கள். நான் வாங்கி வைப்பதில்லை. அவர் சொன்னதைக் கேட்டபோது மனசுக்குத் தெம்பாக இருந்தது.

இன்னொரு நல்ல விஷயம். இலைகள் எல்லாமே சொந்தத் தோட்டத்தில் பறித்தவை, வனத்துறைக் காட்டில் கை வைக்கவில்லை. 2002-ஆம் ஆண்டு உயிரிப் பன்மைச் சட்டம் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். வழிகாட்டிய பெரியவருக்கும் கட்டணத்தில் பங்கு உண்டு என்று கணக்கு நோட்டிலேயே காட்டினார்கள்.

இனி குறைகள். கிருமி நீக்கிய காற்று வரும் லேமினார் மேசை ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு வரிசையில் நின்றதில் முதல் நாள் பிற்பகல் பாதி போய்விட்டது. ஆட்களைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு மேசை வாங்க வேண்டும். பொடி பறக்கும் பூஞ்சைத் தட்டுகளைத் திறக்கும்போது முகக்கவசம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கேட்காமலே கொடுக்க வேண்டிய பொருள் அது. ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையேடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பெண், மேடம் தமிழில் சொன்னதையெல்லாம் அழகாகப் பிடித்துக்கொண்டு, கையேட்டில் தடுமாறியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கடல் பூஞ்சைக்குப் பேச்சும் இரண்டு சோதனைக்குழாயும் மட்டும்தான். கடலூரிலிருந்தோ பிச்சாவரத்திலிருந்தோ கடல்நீரும் அலையாத்தி இலையும் கொண்டுவந்து, உப்பு அகாரில் ஒரு தட்டாவது எங்கள் கையால் போட விட்டிருக்கலாம். நாங்கள் வைத்த தட்டுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். தாமதமாக வந்தது, அதுவும் மங்கல். அக்கா மகளின் காபி இலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வந்திருப்பது மட்டும் தெரிகிறது.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. காலையில் அந்தத் தோட்டத்துக் காபி, மதியம் மிளகு ரசமும் கீரையும். வெந்நீர் ஒரே குளியலறையில்தான் வருகிறது, சீக்கிரம் எழுந்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. கோடை விழா நேரத்தில் மட்டும் போகாதீர்கள், மலைப்பாதையிலேயே பொழுது போய்விடும்.

கையேட்டைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன், மருந்துகள் வரும் பக்கங்களை முதலில் தொடங்கியாயிற்று. எங்கள் கடையில் டி.ஃபார்ம். முடித்துவிட்டு வேலை பார்க்கும் பையனை அடுத்த குழுவில் சேர்த்திருக்கிறேன். அவன் கட்டணத்தில் பாதியைக் கடை கட்டுகிறது.